முதுகுக்குக் கண், காது, மூக்கு

அவள் வாயில் எப்போதும் ஒரு நூல் இருக்கும். அழகு நிலையம் நடத்துகிறவள். புருவம் திருத்துவதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி விரித்துச் சுருக்கி, நாற்காலியில் சாய்ந்து கிடப்பவளின் புருவத்திலிருந்து முடி முடியாகப் பிடுங்குவாள். வாயில் நூல் இருக்கும்போது பேச முடியாது. "ம்" மட்டும்தான் சொல்லலாம். அந்த ஒற்றை "ம்"மை வைத்துக்கொண்டு அவள் ஒரு மந்திரிசபையைக் கவிழ்த்திருக்கலாம். நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை "ம்" வைத்திருந்தாள் தெரியுமா? சொல்லு சொல்லு என்று இழுக்கும் "ம்ம்?" ஒன்று. ஐயோ பாவம் என்று தடவிக்கொடுக்கும் "ம்ம்ம்" ஒன்று. நம்ப மாட்டேன் போ என்கிற "ம்ஹும்" ஒன்று. இவற்றைச் சரியான முடியைப் பிடுங்கும்போது சரியாக வைத்தால் போதும். இரண்டு புருவம் முடிவதற்குள், வந்தவள் தன் மாமியார் தூக்கத்தில் உளறியதிலிருந்து நாத்தனார் மறைத்து வைத்த கல்யாணம் வரைக்கும் கொட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். புருவம் பிடுங்கின வலியில்தான் அழுகிறாள் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சரி, கேட்டதை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருப்பாளா? நூலைத் துப்பியதும் அடுத்த நாற்காலிக்கு அதே விஷயம் கண், காது, மூக்கு வைத்துப் போய்ச் சேரும். காலையில் ஒரு பூனை சுவரிலிருந்து விழுந்தது என்று கேட்டால், மத்தியானத்துக்குள் அது சிறுத்தையாகிவிடும். சாயங்காலம் அந்தச் சிறுத்தை பேருந்தில் ஏறி டிக்கெட் எடுக்க மறுத்திருக்கும். தெருவே அவளை ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிட்டது. யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. எதிரே இருப்பவளின் கண் விரிய வேண்டும், அதற்காக என்ன வேண்டுமானாலும் சேர்ப்பாள். அதைத் தவிர அவளுக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது.

அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான். வீட்டில் அவளும் கொழுந்தனும் மட்டும். அவள் மருமகளாக வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பையன்; அவள்தான் தலைவாரி, சாப்பாடு கட்டிக்கொடுத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தாள். இப்போது அவன் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை வைத்துப் பூட்டு ரிப்பேர் பார்க்கிறான், சாவி போட்டுத் தருகிறான். போன மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது கால் இன்னும் லேசாக இழுக்கும். எங்கே போனாலும் தோளில் ஒரு துணிப்பை; அதில் அரம், கம்பி, நூறு பழைய சாவிகள். அவன் வருவதைத் தெருநாய்கள்கூட அந்தப் பையின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளும்.

விஷயம் என்னவென்றால், ஒரு சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. கடையை மூடும் நேரம். முடி ஒட்டின துண்டை உதறலாம் என்று அவள் பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். அவள் கடை முதல் மாடியில். அதே மாடியில் அடுத்த கதவு ஒரு செல்போன் கடையின் சரக்கு அறை. பின்னால் இரும்புப் படி. அந்த அரையிருட்டில் யாரோ ஒருவர் படியில் இறங்கிப் போனார். ஒரு முதுகு தெரிந்தது. அவள் துண்டை உதறினாள், ஜன்னலைச் சாத்தினாள், வீட்டுக்குப் போனாள். அவ்வளவே.

மறுநாள் பார்த்தால் சரக்கு அறைப் பூட்டு திறந்து தொங்குகிறது. உடைக்கவில்லை, நெம்பவில்லை, பூட்டில் நகக்கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த புது போன்கள் எல்லாம் போயிருந்தன. ஜன்னல் பக்கம் நீ இருந்தாயே, ஏதாவது பார்த்தாயா என்று போன்கடைக்காரர் கேட்டார். ஒரு முதுகைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

கொழுந்தன்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான்.

"பார்த்தத சொல்லிட்டு வாங்க அண்ணி. நான் இங்கயே பெஞ்சுல இருக்கேன். சும்மா கூடக் கொறைய எதுவும் அளக்காதீங்க."

"நான் என்னைக்குடா அளந்தேன்?"

"பக்கத்து வீட்டுப் பூனை இன்னும் பஸ்ஸுல போய்ட்டிருக்கு அண்ணி."

அவள் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். அந்தச் சிரிப்பை அவள் வாசலிலேயே செருப்போடு கழற்றிப் போட்டிருக்கலாம்.

அறை சின்னது. சுவரில் இடுப்பு உயரம் வரை பச்சை வண்ணம், அதற்கு மேலே ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஏதோ ஒன்று. மேஜையின் ஒரு கால் குட்டை. அதற்கு அட்டை மடித்து வைத்திருந்தார்கள். சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத்துவாரம், அதற்கு அந்தப்பக்கம் கொழுந்தன் உட்கார்ந்திருந்த நடைவழி. மூலையில் கணினி முன்னால் ஒரு பெண் காவலர். அவருடைய புருவம் இரண்டும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையது மாதிரி இருந்தது. பழக்க தோஷத்தில் ரேடியோ அக்காவின் விரல்கள் நூலைத் தேடின.

ஆய்வாளர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அதட்டவில்லை. குரல் பல் டாக்டர் குரல்: வலிக்காது என்று சொல்லிவிட்டு எடுக்கிற குரல்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா? சரி. என்ன பார்த்தீங்க, சொல்லுங்க."

"முந்தாநேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு சார். துண்ட உதர்றதுக்கு ஜன்னலத் திறந்தேன். யாரோ படியில இறங்கிப் போனாங்க. முதுகு மட்டும் தெரிஞ்சுது. அவ்வளவுதான் சார்."

"ம்," என்றார் ஆய்வாளர்.

அவள் அசந்துபோனாள். அவளிடம் இல்லாத "ம்" அது. காலிப் பாத்திரத்தை மூடிவைக்கிற "ம்". பெண் காவலரின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே இருந்தன, ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. ஆய்வாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டிக்' என்றது. இரண்டு யுகம் போயிருக்கும். அதற்குள் வெளியே மரங்கள் வளர்ந்து, பூத்து, காய்த்து, வெட்டப்பட்டு, மேஜையாகி உள்ளே வந்திருக்கும்.

"அப்புறம்?" என்றார்.

அவள் வாழ்க்கையில் ஒரு "அப்புறம்"மையும் பட்டினி போட்டதில்லை. அவள் கடையில் "அப்புறம்" என்று கேட்டு "ஒண்ணுமில்ல" என்று பதில் சொல்கிறவள் கஞ்சப்பிசினாரி. அடுத்த தடவை அவளுக்குப் பழைய நூல்தான்.

"அப்புறம்... ஆம்பளதான் சார்."

"ம்."

"கொஞ்சம் ஒசரமா இருந்தாரு."

"அட," என்றார் ஆய்வாளர், தலையைத் தூக்கி.

மூலையில் டக் டக் டக் என்று சத்தம் கேட்டது. பெண் காவலர் அடிக்கிறார். இவ்வளவு நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ரேடியோ அக்காவுக்கு அந்த "அட" குளிர்காலத்துப் போர்வை மாதிரி இருந்தது. இந்த மனிதர் முகம் மலர்ந்தால் நாம் வீட்டுக்குப் போய்விடலாம். அப்படித்தான் அவள் உடம்பு கணக்குப் போட்டது. பயந்த உடம்புக்கு அதற்குமேல் படிப்பு கிடையாது.

"அப்புறம்?"

என்ன சட்டை? முதுகு என்றால் சட்டை இருக்கத்தானே வேண்டும். "பழுப்புக் கலர் சட்டை சார்."

"சரி." டக் டக் டக். "அப்புறம்?"

"நடை ஒரு மாதிரி. இடது கால லேசா இழுத்து இழுத்து..."

"அப்படியா." இந்த "அப்படியா" சரக்கு ரயில் நீளத்துக்கு இருந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆய்வாளர் முன்னால் சாய்ந்தார். அவள் கடையில் எந்தப் பெண்ணின் கண்ணும் இவ்வளவு விரிந்ததில்லை. ரேடியோ அக்காவுக்குப் பயத்திலேயே ஒரு சின்ன குஷிகூட வந்துவிட்டது. நாக்கு தானாக ஓடத் தொடங்கியது.

"அப்புறம்?"

அந்த நேரம் பார்த்து, நடைவழியில் யாரோ கால் மாற்றி உட்கார்ந்தார்கள். காற்றுத்துவாரம் வழியாகக் கலகலவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் காதில் விழுந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் வாய் சொல்லிவிட்டது:

"தோள்ல ஒரு பை சார். உள்ள ஏதோ இரும்புச் சாமான் மாதிரி, நடக்க நடக்க கலகலன்னு..."

ஆய்வாளர் பேனாவை மேஜை மேல் வைத்தார். மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி.

அதுவரை அவர் ஒரு "அப்போ"கூடச் சொல்லவில்லை. எல்லா "அப்போ"வையும் இதற்காகத்தான் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"சரி. அப்போ, பூட்டத் திறக்கற சாமான அந்தப் பையிலதான் வச்சிருந்தான்."

இது கேள்வி இல்லை. பதில் சொல்ல இடமே இல்லை. யாராவது பேசினால் அவள் தொண்டை தானாக ஒரு ஒலி எழுப்பும், இருபது வருடத் தொழில் பழக்கம். "ம்," என்றாள்.

டக் டக் டக்.

"அப்போ, பூட்டு வேலை தெரிஞ்ச ஆளு."

"ம்... இருக்கலாம் சார்."

டக் டக்.

"சரி." ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ உங்க வீட்டுல பூட்டு வேலை தெரிஞ்சவங்க யாரும்மா?"

மின்விசிறி 'டிக்' என்றது.

பழுப்புச் சட்டை எங்கிருந்து வந்தது? இன்று காலையில் அவளே இஸ்திரி போட்டு மடித்து நாற்காலி முதுகில் போட்ட சட்டை. இழுக்கிற கால் எங்கிருந்து வந்தது? ஒரு மாதமாக அவளே தைலம் தேய்த்துவிடுகிற கால். பை? கேட்கவே வேண்டாம். இல்லாத ஆளுக்கு உடம்பு வேண்டியிருந்தது. அவசரத்தில் வீட்டுக்குள் கையைவிட்டாள், கைக்கு அகப்பட்டவனை எடுத்து நீட்டிவிட்டாள். வெறும் முதுகுக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பார்த்தால், அது கொழுந்தன் முகமாக இருந்தது.

"சார், அது..."

"பதட்டப்படாதீங்கம்மா. நீங்க சொன்னத ஒருமுறை படிச்சுக் காட்டுவாங்க. சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

பெண் காவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் படித்தார்: "அன்று மாலை எனது கடையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தபோது, உயரமான ஆண் ஒருவர் படியில் இறங்கிச் செல்வதைக் கண்டேன். அவர் பழுப்பு நிறச் சட்டை அணிந்திருந்தார். இடது காலைச் சற்றே இழுத்து நடந்தார். தோளில் இருந்த பையில் இரும்புக் கருவிகளின் ஓசை கேட்டது. அவை பூட்டைத் திறக்கும் கருவிகள் எனவும், அவர் பூட்டு வேலை அறிந்தவர் எனவும் கருதுகிறேன்."

ரேடியோ அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண், ஒரே மூச்சில், யாரும் கேட்காமலே, தன் கொழுந்தனைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறாள். தயக்கம் கிடையாது. தடுமாற்றம் கிடையாது. இந்தப் பெண் சொன்னால் தூக்கில்கூடப் போடலாம், அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள்.

"இதுல அது எங்கம்மா?" என்றாள் பெண் காவலரிடம்.

"எது அக்கா?"

"சார் அப்புறம் அப்புறம்னு கேட்டாரே. நான் முதுகுன்னு சொல்லி நிறுத்தினதுக்கு அப்புறம், எத்தன தடவ கேட்டாரு. அட, அப்படியான்னு சொன்னாரே. அதெல்லாம் எங்க?"

"அதெல்லாம் யாரு அக்கா அடிப்பாங்க? சும்மா பேச்சுக்கு நடுவுல வர்றது. நாங்க அடிக்கிறதே இல்ல."

"அடிங்கம்மா. அதுக்குத்தான் நான் பதில் சொன்னேன்."

பெண் காவலர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"அம்மா, பழுப்புச் சட்டைன்னு நான் சொன்னேனா?"

"இல்ல சார்."

"கால இழுத்தான்னு நான் சொன்னேனா? பை, சத்தம், ஏதாவது ஒண்ணு என் வாயில வந்துச்சா?"

வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அந்த மனிதர் ஒரு வார்த்தை ஊட்டவில்லை. கதவை மட்டும் திறந்து திறந்து பிடித்தார், உள்ளே போனது எல்லாம் அவள்தான். தானும் நூலைக் கடித்துக்கொண்டு இதையேதானே செய்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் நாற்காலியில் அழுதுவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர், அவள் "ம்ம்?" என்று இழுத்ததற்காக இல்லாததைச் சேர்த்துச் சொன்னார்களோ. அதையெல்லாம் யோசிக்க இப்போது நேரமில்லை.

"நான்தான் சொன்னேன் சார். ஆனா பார்த்தது முதுகு மட்டும்தான். மிச்சமெல்லாம் சும்மா... நானா சேர்த்தது."

"அப்போ பொய் சொன்னீங்க."

மறுபடியும் "அப்போ". எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு "அப்போ" நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"பொய்யின்னு இல்ல சார்..."

"சரி, அப்போ நிஜம்."

"இல்ல சார்."

"போலீஸ்கிட்ட பொய்த் தகவல் குடுத்தா ஜெயிலுக்கே போகலாம், தெரியும்ல? இல்லைன்னா, மொதல்ல நிஜத்தச் சொல்லிட்டு, ஆளு யாருன்னு புரிஞ்சதும் காப்பாத்த மாத்திப் பேசறீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் அவசரப்படுத்தல."

அவள் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குவளையை எடுத்தாள். தண்ணீர் உதட்டுக்கு வருவதற்குள் பாதி சேலையில் கொட்டியது. அந்தக் கையில் ஒரு புருவத்தைக் கொடுத்திருந்தால் காதுவரை வழித்திருப்பாள்.

ஆய்வாளர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"தம்பி, கொஞ்சம் வாங்க."

கலகல என்று சத்தம் வந்தது. கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். பழுப்புச் சட்டை. தோளில் பை. எதுவும் தெரியாத முகம்.

"என்ன அண்ணி, முடிஞ்சுதா? போலாமா?"

பெண் காவலர் அவன் சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கணினித் திரையைப் பார்த்தார். வேறுவேறு புருவங்கள் இரண்டும் முதல் தடவையாக ஒன்றுபோல உயர்ந்தன.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றார் ஆய்வாளர். "அந்தப் படியில கொஞ்சம் கீழ இறங்கிப் போங்க. திரும்பிப் பார்க்க வேணாம். அம்மா, நீங்க இங்க வந்து நில்லுங்க."

நடைவழி முடியுமிடத்தில், முற்றத்துக்கு இறங்கும் படி. அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கினான். பெரியவர்கள் சொன்னால் காரணம் கேட்காமல் செய்கிறவன். அப்படி வளர்த்தவளும் அவளேதான்.

முதுகு இறங்கியது. இடது கால் லேசாக இழுத்தது. பை கலகலத்தது.

அப்போது அவளுக்கு நேர்ந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். அன்றைய அரையிருட்டு முதுகை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. எவ்வளவு தோண்டியும், இரும்புப் படியில் இறங்கியது பழுப்புச் சட்டையாகவே இருந்தது. கால் இழுக்கத்தான் செய்தது. ஓசைகூடக் கேட்டது. அவள் சேர்த்தது எது, பார்த்தது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. சாயத் துணியை வெள்ளைத் துணியோடு ஊறப்போட்டு ஆகிவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் அவன் எங்கே இருந்தான்? வீட்டில் குழாய் சரி செய்துகொண்டிருந்ததாகச் சொன்னான். சொன்னான்தான். அவள் அப்போது கடையில் இருந்தாள்.

ஆய்வாளர் அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் காதுக்குள் பஞ்சு வைக்கிற மாதிரி இருந்தது.

"இவர்தானே?"

அந்த "தானே" ஒரு சந்து. உள்ளே போகலாம், திரும்ப முடியாது. அந்தப்பக்கம் ஒரே ஒரு வாசல்தான்.

இல்லை என்று கத்திவிடலாமா? வளர்த்தவள் அதைத்தானே சொல்வாள். சொல்வதற்கு வாயும் திறந்தது. இல்லவே இல்லை சார், அது வழுக்கைத் தலை, குண்டு, கையில் மோதிரம் என்று அடுத்த ஆளுக்கான உறுப்புகள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசை கட்டின. இன்னொரு மூக்கு. அந்த மூக்கு யாருடையதாக இருக்குமோ. பால்காரருடையதா, போன்கடைக்காரர் மச்சானுடையதா. அவள் வாயை மூடினாள்.

"தெரியல சார்."

"ம்." அதே மூடி போடுகிற "ம்".

"இல்லைன்னு சொல்றீங்களா?"

"இல்லைன்னும் சொல்லல. ஆமான்னும் சொல்லல. பார்த்தது ஒரு முதுகு. யாருதுன்னு தெரியல."

ஆய்வாளர் காத்திருந்தார். முற்றத்தில் கொழுந்தன் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான், திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல்.

"அப்புறம்?" என்றார்.

அவள் பல்லைக் கடித்தாள். பற்களுக்கு நடுவே நூல் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். இழுத்துக் கட்டின நூல்; வாயைத் திறந்தால் அறுந்துவிடும், எதிரே கண்ணை மூடிப் படுத்திருக்கிறவளின் தோல் கிழிந்துவிடும். "அப்புறம்" அவள் முன்னால் கையேந்தி நின்றது. அதன் வயிறு ஒட்டியிருந்தது, கண் குழிவிழுந்திருந்தது. ஒரு பருக்கை போடு தாயே என்றது. அவள் போடவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. துடைக்கவில்லை. மின்விசிறி 'டிக்' என்றது, 'டிக்' என்றது. உலகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நீளமான மௌனம் இருந்ததில்லை. வாய் மூடாத ஒருத்தி மூடிய வாய் என்பதால் அதற்கு இரண்டு மடங்கு கனம் வேறு.

கடைசியில் மூலையிலிருந்து ஒரு இருமல் வந்தது. பெண் காவலர்.

"சார், நான் என்ன அடிக்கட்டும்?"

ஆய்வாளர் இன்னும் கொஞ்ச நேரம் ரேடியோ அக்காவைப் பார்த்தார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். இந்தத் தடவை அந்த "சரி"க்கு வாலும் இல்லை, தலையும் இல்லை. "அழிச்சிட்டு மொதல்லேர்ந்து அடிம்மா. ஒரு முதுகப் பார்த்தாங்க. யாருதுன்னு தெரியல. அவ்வளவுதான்."

அடித்தார்கள். படித்துக் காட்டினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை. ஏதோ ஒரு பூச்சி மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது.

"தம்பியோட முந்தாநேத்துச் சமாச்சாரத்த நாங்க விசாரிப்போம்," என்றார் ஆய்வாளர், அதே பல் டாக்டர் குரலில். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஊர விட்டு எங்கயும் போகாதீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா."

வெளியே வெயில். கொழுந்தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் முகம் இப்போது பழைய முகமாக இல்லை. முற்றத்தில் நின்ற நேரத்தில் யோசித்திருக்கிறான்.

"என்னை எதுக்கு அண்ணி படி இறங்கச் சொன்னாங்க?"

"நான் அளந்துட்டேன்டா. உன்ன மாதிரி ஒரு ஆளச் சொல்லிட்டேன். அப்புறம் அத அழிக்க வச்சேன்."

"நான் இல்லைன்னு சொன்னீங்கள்ல?"

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். இந்த இடத்தில் ஒரு சின்னச் சேர்ப்பு செய்யலாம். ஆமாண்டா, அடித்துச் சொன்னேன், மேஜையைத் தட்டிச் சொன்னேன் என்று. அவன் கண் விரியும்.

"தெரியலைன்னு சொன்னேன்."

"தெரியலையா?" வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். "என்னத் தெரியலையா அண்ணி உங்களுக்கு?"

"உன்னத் தெரியும். அந்த முதுகத் தெரியாது."

அவன் அவளையே பார்த்தான். "ம்," என்றான். அந்த "ம்"மும் அவள் கையிருப்பில் இல்லாதது. இருபது வருடமாக அவன் சொன்ன ஆயிரம் "ம்"மையும் அறிந்தவளுக்கு, இது எந்த ரகம் என்று தெரியவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்தவளுக்கு முன்னால் வேறு என்ன இருக்கும்? மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், உலகத்தையே மறைத்துக்கொண்டு, பழுப்புச் சட்டை போட்ட முதுகு. அவள் இஸ்திரி போட்ட மடிப்பு இன்னும் கலையவில்லை. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பை கலகலத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் இரும்புப் படி வந்தது. திறந்துகொண்டாள்.

சிக்னலில் வண்டி நின்றது. அவன் தலையைப் பாதி திருப்பினான். முகம் தெரியவில்லை, காது மட்டும் தெரிந்தது.

"அப்புறம் அண்ணி?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு பச்சையாகும்வரை விடவில்லை.